முப்பத்தெட்டு வீட்டுக் காய்ச்சல்

28-8-2025, வியாழன்

காளியாத்தா துணை.

காலையில் செல்லி வீட்டுச் சாமைக் கொல்லையில் களை எடுத்தோம். ஒன்பது பேர். அருகம்புல் ஆழமாக வேர் விட்டிருக்கிறது, குந்தி உட்கார்ந்து கையால் பிடுங்கினால்தான் வருகிறது. மருந்து அடிக்கிற ஊராக இருந்தால் பாதி நாளில் முடித்திருப்பார்கள். நமக்கு இன்னும் இரண்டு நாள் ஆகும். இடுப்பு என்னுடையது இல்லை.

மத்தியானம் டவர் கிடைக்கிற பாறை மேல் ஏறியதும் வெண்ணிலா போன். என் அண்ணன் மகள், ஓசூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஏழாம் மாசம்.

"அத்தே, இனிமே உங்க குழு மெயில் எல்லாம் என்னால எழுத முடியாது. ஒடம்புக்கு ஆகாதுன்னு மாமியார் போனை எடுத்து பீரோல வெச்சுட்டாங்க. தெனம் பத்து நிமிஷம்தான் தர்றாங்க."

"அப்ப யாருடி எழுதுவா?"

"நீதான்."

"எனக்கு இன்னாடி தெரியும்? எட்டாங்கிளாசு."

"எட்டாங்கிளாஸ்ல இங்கிலீஷ்ல இன்னா எழுதின?"

"லீவ் லெட்டரு."

"அதான் மெயில். ஆளும் தேதியும்தான் வேற."

போனை வைத்துவிட்டாள். பாறை சுட்டது. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். எங்கள் ஊரில் முப்பத்தெட்டு வீடு. எல்லாரும் சேர்ந்து சாமைக் குழு. உரம், மருந்து எதுவும் தொடாமல் மூன்று வருஷம் விளைவித்தால் பெங்களூரில் ஒரு ஆபீசில் சான்று தருவார்கள். இது மூன்றாவது வருஷம். கதிர் கொல்லையில் நிற்கும்போதே அவர்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முன்னால் அறுத்துவிட்டால் மூன்று வருஷமும் வீண், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சான்று கிடைத்தால் எங்கள் சாமை எங்கள் ஊர்ப் பெயர் போட்ட பையில் போகும். இப்போது யார் யாருடைய சாமையோடோ கலந்து, பெயரில்லாமல் போகிறது. பெற்ற பிள்ளையை ஊரார் பெயரில் பள்ளிக்கூடத்தில் சேர்த்த மாதிரி.

அந்த ஆபீசுக்கு எல்லாம் இங்கிலீஷ்தான். ஆத்தா, நீதான் என் கையில் இருந்து எழுத வேண்டும்.


30-8, சனி

குழுக் கூட்டம். நான் எழுதுகிறேன் என்றதும் செயலாளர் ராஜாக்கண்ணு சிரித்தான்.

"பூங்கோதை அக்கா, நீ கோயில்ல சாமி பாட்டு பாடு. அது ஒனக்கு வரும். ஆலங்காயத்துல கம்ப்யூட்டர் சென்டர்காரன் இருக்கான், அவன் அடிச்சுக் குடுப்பான்."

"அவன் சாமைக் கதிரை பார்த்திருக்கானா தம்பி? நாம இன்னா பண்ணோம்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"இங்கிலீஷ் தெரியும் இல்ல?"

செல்லி என் ஓரகத்தி, பக்கத்து வீடு. அவள்தான் வாயை அடைத்தாள். "ரெண்டும் தெரிஞ்ச ஆள் வர்ற வரைக்கும் எங்க அக்கா எழுதட்டும். ஒன் ரிஜிஸ்டரை நீ மொதல்ல எழுது."

அவன் பொறுப்பு கொல்லை ரிஜிஸ்டர். எந்தத் தேதியில் யார் என்ன வேலை செய்தார்கள் என்று எழுத வேண்டும். தலையைச் சொறிந்துகொண்டு போனான்.


3-9, புதன்

முதல் மெயில் அனுப்பினேன்! அனுப்பிவிட்டுத்தான் வெண்ணிலாவுக்குப் படித்துக் காட்டினேன். பெங்களூர் அம்மா பெயர் ரேணுகாதேவி. பெரிய உத்தியோகம். மரியாதையாக இருக்கட்டும் என்று 'மேடம் ஆர்' என்று போட்டிருந்தேன். 'மேடம் ஹேவ்' என்றும் ஒரு இடத்தில்.

"அய்யோ அத்தே! சிரிக்க வெக்காத, வயித்துல உதைக்குது. மேடம் ஒரு ஆளுதானே? ஈஸ். ஹேஸ்."

"ஒரு ஆளா இருந்தாலும் பெரியவங்க இல்லியா? மேடம் 'வந்துச்சு'ன்னா சொல்லுவ? வந்தாங்கன்னு தானே சொல்லுவ?"

"இங்கிலீஷ்ல கலெக்டருக்கும் ஈஸ்தான், கோழிக்கும் ஈஸ்தான்."

"ஆத்தாளுக்கு?"

"ஆத்தாளுக்கும் ஈஸ்."

எனக்கு மனசே ஆறவில்லை. மரியாதை இல்லாத பாஷை. சாயங்காலம் விளக்கேற்றும்போது ஆத்தா முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் குறைந்த மாதிரித் தெரியவில்லை. நாமும் அவளை நீ, வா, போ என்றுதானே கூப்பிடுகிறோம். சரி. ஒரு ஆள் என்றால் ஈஸ், ஹேஸ். ரெண்டு பேருக்கு மேல் ஆர், ஹேவ். நான் ஒருத்தி என்றாலும் எனக்கு ஹேவ்வாம். அது ஏன் என்று கேட்பதற்குள் பத்து நிமிஷம் முடிந்துவிட்டது.


7-9, ஞாயிறு

பெங்களூரிலிருந்து கேள்வித்தாள் வந்திருக்கிறது. என்ன போட்டீர்கள், என்ன போட்டிருக்கிறீர்கள், என்ன போடுவீர்கள். ஒரே வேலையை எத்தனை விதமாகக் கேட்கிறார்கள்!

வெண்ணிலா சொல்லிக் கொடுத்தாள். தேதி சொன்னால் அது முடிந்த கதை. ஜூன் மாசம் எரு கொட்டினோம், அதோடு முடிந்தது, அதற்கு டிட். தேதி இல்லாமல், அன்றையிலிருந்து இன்றைய வரைக்கும் என்றால் ஹேவ். மூணு வருஷமாக யூரியா போடவில்லை: வி ஹேவ் நாட் யூஸ்டு. வருஷா வருஷம் செய்கிறது என்றால் வெறும் டூ. இனிமேல் செய்யப்போவது வில்.

இங்கிலீஷைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால்தான் எனக்கு வாயில் நிற்கிறது.

களை எடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். பின்னால் வந்த பெண்கள் விடுவார்களா?

"கோதே அக்கா, கஞ்சி குடிச்சியா? டிட்டா, ஹேவ்வா?"

"இன்னும் இல்லடி, வில்."

"எம் புருசன் வேலைக்குப் போறானா? டூவா, வில்லா?"

"ஒம் புருசனுக்கு மூணு வருஷமா ஹேவ் நாட்" என்றாள் செல்லி. வரப்பெல்லாம் சிரிப்பு. அந்தப் புருஷன் புளிய மரத்தடியில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தானாம்.


14-9, ஞாயிறு

பதில் வந்துவிட்டது. நிரப்பி அனுப்பிய கேள்வித்தாள் சரியாம். அக்டோபர் 7, செவ்வாய்க்கிழமை ரேணுகாதேவி அம்மா நேரில் வருகிறார்.

ராஜாக்கண்ணுவிடம் சொன்னேன். "பரவால்லியே" என்றான். அவன் வாயில் அது பெரிய மாலை.


26-9, வெள்ளி

ஆத்தா, இப்படிச் செய்கிறாயே.

கதிர் இந்த வருஷம் ஒரு வாரம் முந்திக்கொண்டது. ஊர்க்கவுண்டர், ஊருக்குத் தலைவர், கொல்லைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, அடுத்த வெள்ளிக்கிழமை காப்பு என்று சொல்லிவிட்டார். அக்டோபர் 3 முதல் 10 வரை எட்டு நாள். அந்த எட்டு நாளும் கொல்லை ஆத்தாளுடையது. எல்லையில் வேப்பிலை கட்டிவிட்டால் வெளியூரார் உள்ளே இறங்கக் கூடாது. செருப்புக் கால் படக் கூடாது. வெளியிலிருந்து எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. நாங்களே கதிரில் கை வைக்க மாட்டோம். எட்டாம் நாள் அவளுக்குப் படைத்த பிறகுதான் அரிவாள்.

7ஆம் தேதி அந்த அம்மா வந்தால் எங்கே நிறுத்துவது? எல்லையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றா?

தேதியை மாற்றச் சொல்லி எழுத வேண்டும். ராஜாக்கண்ணு, "சாமி காரியம்னு மட்டும் எழுதிடாத அக்கா. காட்டு சனம், கொல்லைக்கு மந்திரம் போடுதுன்னு நெனைப்பாங்க. ஆபீஸுக்குப் புரியற காரணமா எழுது" என்றான்.

ஆபீஸுக்குப் புரியற காரணம். பாறை மேல் உட்கார்ந்து யோசித்தேன். எட்டாம் வகுப்பு ஜன்னல் ஓரம் ஞாபகம் வந்தது. எத்தனை தரம் எழுதியிருப்பேன்! கம்பு அறுக்கப் போனாலும், மாமா கல்யாணத்துக்குப் போனாலும், மழை பெய்து ஓடை தாண்ட முடியாமல் போனாலும் ஒரே கடிதம்தான். அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர். வாத்தியாரும் ஒரு நாளும் நெற்றியைத் தொட்டுப் பார்த்ததில்லை. இங்கிலீஷில் லீவுக்கு இது ஒன்றுதான் காரணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது நான் ஒருத்தி இல்லை, முப்பத்தெட்டு வீடு. அதனால் ஐ ஆம் கூடாது. 'வி ஆர்' என்று மாற்றினேன். இப்போது நடப்பது, அதனால் சஃபரிங். 11ஆம் தேதிக்கு மேல் வாருங்கள் என்பது பிறகு நடக்கப்போவது, அதற்கு வில். அனுப்பிவிட்டேன்.


27-9, சனி

பதினொரு தரம் படித்துவிட்டேன். ஒரு பிழை இல்லை. வெண்ணிலாவைக் கேட்காமல் எழுதிய முதல் மெயில். செல்லிக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் புரியாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.


29-9, திங்கள்

பதில்.

ரொம்ப வருத்தப்படுகிறாராம். முப்பத்தெட்டு குடும்பத்துக்கும் காய்ச்சல் என்பது சாதாரண விஷயம் இல்லையாம். அவரே விசாரித்து சுகாதார ஆபீசுக்குத் தகவல் சொல்லிவிட்டாராம். ஊர் குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதித் தரும்வரை வருகை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. இந்தப் பருவத்துக்கு வேறு தேதி இப்போது சொல்ல முடியாது.

நாலு தரம் படித்தேன். எங்காவது எனக்குப் புரியாமல் இருக்காதா என்று. எல்லாம் புரிந்தது. இங்கிலீஷ் தெரியாமலே இருந்திருக்கலாம்.

ராஜாக்கண்ணு கேட்டுவிட்டு, "போச்சு. மூணு வருஷம்" என்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.


30-9, செவ்வாய்

இன்னிக்கு நடந்தத அப்படியே எழுதறேன்.

பத்து மணிக்கு ஜீப்பு வந்து நின்னுச்சு. ஒரு டாக்டரு, நர்ஸம்மா வசந்தி, ரெண்டு ஆளுங்க. எறங்கறப்பவே, "யார் யாருக்குக் காய்ச்சல்? எல்லாரும் வரிசையா வாங்க." சனம் முழிக்குது. "நல்லாத்தானே கீறோம்?" அப்பதான் பார்த்தேன், ஒரு ஆள் தோள்ல துப்பாக்கி மாதிரி ஒண்ண மாட்டறான். கொசு மருந்துப் பொகை போடற மிஷினு. மருந்து டப்பாவைத் திறந்து ஊத்தறான்.

அய்யோ! வூட்டுக்குப் பின்னாடியே கொல்லை. காத்து வேற மேக்கால இருந்து கொல்லைப் பக்கமா அடிக்குது. ஒரு தடவை அந்தப் பொகை கதிர் மேல போச்சுன்னா அப்புறம் எந்த மேடம் வந்து எதைப் பார்ப்பாங்க? மூணு வருஷமா ஒரு சொட்டு மருந்து படாம காப்பாத்தின கொல்லை. நானே எழுதிக் கூப்பிட்டு மருந்து அடிக்க வெக்கறேனா?

ஓடினேன். அந்த மிஷின் வாய்க்கு முன்னாடி கையை விரிச்சுக்கினு நின்னேன்.

"யாருக்கும் காய்ச்சல் இல்லீங்க! நான்தான் பொய்யா எழுதினேன்!"

ஊரே கேட்டுச்சு. ஊர்க்கவுண்டர், செல்லி, களை எடுக்க வந்த அத்தனை பேரும்.

டாக்டர் சின்ன வயசு. மெதுவாகச் சொன்னார்: "ஏம்மா, நெசமா காய்ச்சல்ல படுத்திருக்கற ஊருக்குப் போக வேண்டிய ஜீப்பு இது. அங்க போகாம ஒங்க ஊருக்கு வந்துட்டோம். தெரியுதா?"

தெரிந்தது. நர்ஸம்மா மட்டும் என் கையைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்து, "எதுக்கும்மா?" என்றார். சொன்னேன். லீவ் லெட்டர் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானும் அதே லெட்டர்தான் எழுதினேன் அஞ்சாறு வருஷம்" என்றார். எல்லார் இரத்தத்தையும் பரிசோதித்து, காய்ச்சல் இல்லை, புகை போடவில்லை என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மகராசி நூறு வயசு இருக்க வேண்டும்.


1-10, புதன், ஆயுத பூஜை

எனக்குக் காய்ச்சல். நிஜமாகவே. உடம்பெல்லாம் கொதிக்கிறது. ஆத்தா கையோடு கையாகக் கொடுத்துவிட்டாள்.

செல்லி சுக்குக் கஷாயம் கொண்டுவந்தாள். "இப்ப அனுப்பு அக்கா ஒன் லெட்டரை. இப்ப ஒரு பிழையும் இல்ல."

சிரிக்கவா அழவா? ரெண்டும் சேர்ந்து இருமலாக வந்தது.

அரிவாள், மண்வெட்டி, சாமை இடிக்கிற மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். என் போனுக்கும் ஒரு பொட்டு வைத்து எடுத்து வந்தாள். எனக்கு அதைத் தொடவே பயமாக இருக்கிறது.

ராஜாக்கண்ணு வாசலில் நின்றபடியே, "நாளைக்கு ஆலங்காயம் போறேன் அக்கா. அந்த சென்டர்காரன் கிட்ட ஊர் கொணமாயிடுச்சுன்னு ஒரு லெட்டர் அடிச்சு அனுப்பிடறேன். அதோட விட்டுடுவோம்" என்றான்.

ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் மெழுகுகிற வேலை. குணமாகிவிட்டது என்றால் முன்னால் காய்ச்சல் இருந்தது என்றுதானே ஆகும்?

நாளை மறுநாள் காப்பு. கையில் மஞ்சள் கயிறு ஏறுகிறபோது வாயில் பொய் இருக்கக் கூடாது. முப்பது வருஷமாகக் கட்டுகிறேன். கூடாது.


2-10, வியாழன், விஜயதசமி

காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. படிப்பு தொடங்குகிற நாள். காலையிலேயே குளித்து, ராஜாக்கண்ணு பஸ் ஏறுவதற்கு முன்னால் அவன் வீட்டுக்குப் போனேன்.

"தம்பி, நான் எழுதறேன். இந்த ஒரு தடவை. இதுலயும் போச்சுன்னா அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்."

"நீ வாய் தொறக்காம இருந்துடுவியா?" என்றான். ஆனால் பஸ்ஸை விட்டுவிட்டான். செல்லி என் கையைப் பிடித்துப் பாறை மேல் ஏற்றினாள். இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன்.

வெண்ணிலா போன் பீரோவுக்குள். கேட்க ஆள் இல்லை. முதலில் தமிழில் நினைத்தேன், பிறகு ஒவ்வொரு வரியாக இங்கிலீஷ்.

முடிந்துபோனது முதலில். 26ஆம் தேதி நான் எழுதியது பொய். எழுதியது நான் ஒருத்தி, குழு இல்லை. இங்கே வி போடவில்லை, ஐ. 30ஆம் தேதி டாக்டர் வந்தார், இரத்தம் பார்த்தார், புகை போடவில்லை. தாளைப் போட்டோ எடுத்து இணைத்தேன்.

இப்போது இருப்பது அடுத்து. ஊரில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும் காய்ச்சல் இருக்கிறது. (அதையும் எழுதிவிட்டேன். உண்மைதானே.)

பிறகு வருஷா வருஷம் நடப்பது. கதிர் முற்றியதும் நாங்கள் ஆத்தாளுக்குக் காப்புக் கட்டுகிறோம். எட்டு நாள் வெளியாள் யாரும் கொல்லையில் இறங்குவதில்லை. வெளியிலிருந்து எதுவும் உள்ளே போவதில்லை. வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து எல்லையில் காவல் இருக்கிறோம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் காய்ச்சல் என்று எழுதினேன்.

கடைசியில் நடக்கப்போவது. 11ஆம் தேதியிலிருந்து நீங்கள் எப்போது வந்தாலும் வரலாம். நீங்கள் வரும்வரை ஒரு அரிவாளும் கொல்லையில் இறங்காது. கதிர் உதிர்ந்தாலும் இறங்காது.

இந்தக் கடைசி வரியை எழுதும்போது செல்லியைக் கேட்டேன். "எழுதட்டுமாடி? ஊர் சார்பா வாக்கு குடுக்கறேன்."

"எழுது. ஊர்ல யாராச்சும் அரிவாள் எடுத்தா நான் பார்த்துக்கறேன்."

இரண்டு மணி நேரம் ஆனது. பிழை இருக்கும். இருக்கட்டும். அனுப்பிவிட்டேன்.


3-10, வெள்ளி

காப்புக் கட்டியாயிற்று. கயிறு ஏறும்போது வாயில் பொய் இல்லை. காய்ச்சலும் விட்டது.


5-10, ஞாயிறு

பதில் இல்லை. எல்லைக் காவலுக்கு இன்று எங்கள் முறை. வேப்பிலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கதிர் தலை கவிழ்ந்து மணி மணியாக நிற்கிறது.


8-10, புதன்

பதில் இல்லை. குருவி கூட்டம் கூட்டமாக வந்து உட்காருகிறது. கிழக்கே மேகம். காற்று ஓங்கினால் பாதி உதிர்ந்துவிடும். ஊரில் ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் பாரமாக இருக்கிறது.


9-10, வியாழன்

வந்துவிட்டது! வந்துவிட்டது!

பாறையிலிருந்தே கத்தினேன். செல்லி பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தாள்.

'உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்திருக்கிறேன்.' ஹேவ் ரெட். 'அக்டோபர் 13, திங்கட்கிழமை வருவேன். உங்கள் காப்பைப் பற்றி நேரில் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். உங்கள் காய்ச்சல் இப்போது எப்படி இருக்கிறது?'

கடைசிக் கேள்வியைப் படிக்கும்போது கண் நிறைந்துவிட்டது. ஆத்தா, ஆத்தா. நாளைக்குப் படையலில் உனக்கு என் கையால் சாமைப் பொங்கல்.


13-10, திங்கள்

எங்கிருந்து ஆரம்பிப்பது? எல்லாவற்றையும் எழுத வேண்டும், ஒன்று விடாமல்.

ரேணுகாதேவி அம்மா ஜீப்பிலிருந்து இறங்கினார். ஐம்பது வயசு இருக்கும், என் வயசுதான். நரைத்த தலை, பருத்திப் புடவை. நேரே கொல்லை எல்லைக்கு வந்தார். காய்ந்த வேப்பிலைத் தோரணம் இன்னும் கட்டியிருந்தது. யாரும் சொல்லவில்லை, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். எங்கள் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதே பாதி ஜெயித்த மாதிரி இருந்தது.

"பூங்கோதை யாரு?" கன்னடம் கலந்த தமிழ்.

"நான்தாங்க மேடம்."

"காய்ச்சல் போயிடுத்தா?" என்று என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். எட்டாம் வகுப்பு வாத்தியார் ஒரு நாளும் செய்யாதது.

பன்னிரண்டு கொல்லை நடந்தார். மண்ணை எடுத்து மோந்தார், சாணக் குழியைப் பார்த்தார், வீட்டு மூலையில் மருந்து டப்பா ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். எல்லாம் சரி. பிறகு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, "ரிஜிஸ்டர் கொடுங்க" என்றார்.

ராஜாக்கண்ணு கொண்டுவந்து வைத்தான். திறந்தார். ஜூன் மாசம் நாலு வரி. ஜூலை பாதி. அதற்குப் பிறகு வெள்ளைத் தாள்.

மேடம் மீதித் தாள்களையும் புரட்டினார்.

"அப்புறம் எழுதலாம்னு இருந்தேங்க..." ராஜாக்கண்ணுவுக்கு வியர்த்து ஊற்றுகிறது. "நியாபகம் இருக்குதுங்க, எல்லாம் நியாபகம் இருக்குது."

"ஞாபகம் ஆகாது. தேதி வேணும். யார், எங்கே, என்ன வேலை. இல்லேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

செல்லி என் விலாவில் இடித்தாள். "அக்கா, நீ தெனம் கிறுக்குவியே, அது!"

ஓடிப் போய் இந்த டைரியை எடுத்து வந்தேன். ஜனவரியில் ஆலங்காயத்து உரக்கடையில் கொடுத்தது. நீட்டும்போதுதான் உறைத்தது: ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் யூரியா மூட்டை படம்! மேடம் அதன் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார்.

"இது பேப்பர்ல மட்டும்தாங்க மேடம். கொல்லையில இல்ல."

சிரித்துவிட்டார். "ஆகஸ்ட் படிங்க" என்றார்.

படித்தேன். ஆகஸ்ட் 28, செல்லி கொல்லையில் களை, ஒன்பது பேர். ஜூனில் எரு கொட்டிய தேதி, எத்தனை வண்டி. யார் வீட்டு மாடு, யார் சண்டை போட்டது, யார் வரவில்லை, எல்லாம் இருந்தது. என் வாய் எந்த நேரமும் ஓடும் என்று ஊரே சொல்லும். கையும் அப்படித்தான் ஓடியிருக்கிறது. அவர் தேதி தேதியாகத் தன் தாளில் எழுதிக்கொண்டே வந்தார்.

"செப்டம்பர் 30?"

பக்கத்தைத் திருப்பினேன். அதுவும் இருக்கிறது, முழுசாக. ஊர் முன்னால், அந்த அம்மா முன்னால், என் பொய்யை நானே படித்தேன். புகை மிஷின் முன்னால் கையை விரித்து நின்றது வரை. காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுகூட எழுதியிருக்கிறேன்.

மேடம் பேனாவை வைத்தார். "இருபது வருஷமா பாக்கறேன். நல்லதை மட்டும் எழுதின ரிஜிஸ்டர்தான் எல்லா ஊர்லயும். தப்பையும் எழுதி வெச்சது இதுதான் மொதல்."

பிறகு காப்பைப் பற்றி ஊர்க்கவுண்டரிடம் ஒரு மணி நேரம் கேட்டார். எட்டு நாள், எல்லை, காவல் முறை. "இந்த மாதிரி எல்லையைக் காவல் காக்கச் சொல்லித்தான் நாங்க எல்லா ஊருக்கும் பாடம் எடுக்கறோம். உங்க ஊர்ல ஏற்கெனவே இருக்கு. இதையா மறைச்சீங்க?" என்றார்.

நான் தலை குனிந்தேன். ஆனால் வெட்கம் இல்லை. ஆத்தாளை ஒளித்து வைத்திருந்தேன், அவளே வெளியில் வந்து மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

போகும்போது, "அறுக்கலாம்" என்றார்.

முப்பத்தெட்டு வீட்டிலும் அரிவாள் தீட்டுகிற சத்தம்.


20-10, திங்கள், தீபாவளி

அறுப்பு முடிந்தது. மழை வருவதற்கு ஒரு நாள் முன்னால். இடுப்பு மறுபடி என்னுடையது இல்லை.


9-11, ஞாயிறு

வெண்ணிலாவுக்குப் பெண் குழந்தை. இரண்டும் சுகம். மாமியாரே போன் போட்டுச் சொன்னார். பாறை மேல் நின்றே குலவை போட்டேன்.


19-11, புதன்

சான்று வந்துவிட்டது. மெயிலில் முதல் வரி: வி ஆர் ப்ளீஸ்டு. 'ஆர்'தான். ஒரு ஆபீஸ் முழுக்கச் சந்தோஷப்படுகிறது.

ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. ராஜாக்கண்ணு பிரின்ட் எடுத்து வந்து முதலில் என் கையில் கொடுத்தான். பிறகுதான் கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஆத்தா மடியில் வைத்துக் கும்பிட்டோம். செல்லி அழுதாள், களை எடுத்த ஒன்பது பேரும் அழுதோம். அந்தப் புருஷன்கூட மரத்தடியிலிருந்து எழுந்து வந்து தேங்காய் உடைத்தான்.

பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "இப்ப சொல்லு அக்கா, டிட்டா ஹேவ்வா?"

"ஹேவ்வுடி! ஹேவ்!"


3-12, புதன்

காலையில் ராஜாக்கண்ணு மகள் ஓடி வந்தாள். நாளைக்கு வேலூரில் சாமைக் குழுக்களின் கூட்டம், ரேணுகாதேவி அம்மா வருகிறார். அப்பாவால் போக முடியாது, ஒரு மெயில் எழுத வேண்டுமாம்.

"ஏம்மா, இன்னா ஆச்சு?"

"காய்ச்சலுங்க அத்தே."

டைரியை மூடிவிட்டு நேரே அவன் வீட்டுக்குப் போனேன். போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். நெற்றியில் கை வைத்தேன். தோசைக்கல்லாகக் கொதித்தது.

"நம்பலியா அக்கா?" என்றான் ஒரு கண்ணைத் திறந்து.

"தொட்டுப் பார்த்துட்டுதான் தம்பி எழுதறேன், இப்பல்லாம்."

பாறை ஏறி எழுதினேன். ராஜாக்கண்ணு ஈஸ் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர். அவருக்குப் பதிலாக நாளைக்கு ஊர் சார்பில் வருபவர், பூங்கோதை.

பதில் ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது. டைரியையும் எடுத்து வரச் சொல்கிறார்.